புளி: வாங்குவது, கரைப்பது, பத்திரப்படுத்துவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிருஷ்ணகிரிப் பக்கம் எங்கள் வீட்டில் மாமனார் காலத்திலிருந்து புளியமரங்களைக் குத்தகைக்கு எடுக்கிறோம். மாசி பிறந்தால் சித்திரை முடியும்வரை திண்ணை, கூடம், மொட்டை மாடி எல்லாம் புளிதான் காயும். வருஷத்துக்கு வேண்டிய புளியை மொத்தமாக வாங்க வருகிறவர்கள் கேட்பதும், வாங்கிப்போன பிறகு போனில் கேட்பதும் பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். அவர்கள் கேட்டபடியே கேள்விகளையும், நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

"புதுப்புளி நல்லதா, பழைய புளி நல்லதா அக்கா?"

என்ன சமைக்கப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. மாசி, பங்குனியில் உலுக்கிய புளி செம்பழுப்பாக, வாயில் வைத்தால் பளிச்சென்று புளிப்பாக இருக்கும். ரசத்துக்கும் சட்னிக்கும் அதுதான் சரி. கொள்ளுப் பருப்பும் களியும் சாப்பிடுகிற அன்று எங்கள் பக்கம் பச்சைப்புளி ரசம் வைப்போம். புளித்தண்ணீரைக் கொதிக்க வைக்காமல், அதில் சுட்ட மிளகாய், சின்ன வெங்காயம், சீரகம் எல்லாவற்றையும் நசுக்கிப் போடுவது. அதற்குப் பழைய புளியைப் போட்டால் நிறமும் ருசியும் மங்கிவிடும்.

வருஷம் தாண்டிய புளி கருத்து, புளிப்பின் கூர்மை அடங்கி, கொஞ்சம் வெல்லவாடை அடிக்கும். வத்தக்குழம்பு, காரக்குழம்பு, மீன்குழம்பு மூன்றுக்கும் நான் அதைத்தான் எடுப்பேன். சித்த மருந்து செய்கிறவர்களும் பழம்புளி என்று கேட்டு வாங்கிப் போகிறார்கள். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் புதுப்புளியை வாங்கி வையுங்கள். அது தானாகப் பழையதாகிவிடும்.

"கருப்பா இருந்தா கெட்டுப்போச்சு, இல்லேன்னா சாயம் கலந்திருக்காங்கன்னு சொல்றாங்களே?"

கருப்பது இயல்பு. சதையிலுள்ள சர்க்கரையும் மற்றப் பொருள்களும் காற்றுப்பட்டு மாதக்கணக்கில் மெல்ல நிறம் மாறுகின்றன. சந்தேகப்பட வேண்டியது வேறு. புதுசு என்று சொல்லி விற்கும் புளி ஈரமாக, கையில் பாகுபோல ஒட்டினால் வெல்லத்தண்ணீரோ வெறும் தண்ணீரோ தெளித்து எடை ஏற்றியிருக்கலாம். ஒரு துண்டை வாயில் போட்டுப் பாருங்கள். உப்பு முன்னால் வந்து புளிப்பு பின்னால் வந்தால் உப்பு அதிகம் சேர்ந்திருக்கிறது. கரைத்த தண்ணீரைக் கொஞ்ச நேரம் அசையாமல் வைத்தால் அடியில் மணல் எவ்வளவு என்று தெரிந்துவிடும்.

"கொட்டைப்புளி விலை கம்மியா இருக்கே, அதையே வாங்கிடலாமா?"

கொட்டையின் எடையையும் கணக்குப் போட்டுவிட்டு வாங்குங்கள். எங்கள் அனுபவத்தில் ஓடு மட்டும் நீக்கிய கொட்டைப்புளியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கொட்டையும் நாரும்தான். அதனால் ஒரு கிலோவில் 600 கிராம் சதை தேறினால் நல்ல புளி.

இரண்டின் விலைக்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் கூலி. ஒவ்வொரு பழமாகக் கல்லின்மேல் வைத்துத் தட்டிக் கொட்டையெடுப்பது பெண்கள் நாள் முழுக்க உட்கார்ந்து செய்யும் வேலை. விரல் நுனி புளிப்பில் வெந்து எரியும். பேரம் பேசும்போது அந்தக் கூலியை மட்டும் குறைக்கச் சொல்லாதீர்கள் என்று எல்லோரிடமும் கேட்டுக்கொள்கிறேன்.

"எலுமிச்சை அளவு புளின்னா கொட்டையோடவா, இல்லாமலா? எத்தனை கிராம்?"

கொட்டை இல்லாமல். தராசில் வைத்துப் பார்த்தேன், நடுத்தர எலுமிச்சை அளவு உருண்டை 30 கிராம் பக்கம் வந்தது. நெல்லிக்காய் அளவு அதில் பாதிக்கும் குறைவு. நாலு பேருக்கு ரசம் என்றால் நெல்லிக்காய் அளவு, வத்தக்குழம்பு என்றால் எலுமிச்சை அளவு. பழைய புளி இறுகிப் போயிருக்கும், அதனால் அதே அளவு உருண்டையில் எடை அதிகமாக இருக்கும். அதைச் சற்றுக் குறைத்து எடுங்கள்.

"சுடுதண்ணியில ஊறவைக்கணுமா?"

வெதுவெதுப்பான தண்ணீர் போதும், இருபது நிமிடம். தளதளவென்று கொதித்த தண்ணீரை ஊற்றினால் நாரும் தோலும் சேர்ந்து குழைந்து, வடிகட்டும்போது கசப்பும் கசடும் கூடவே வரும். முதல் கரைசலைக் கெட்டியாக எடுத்துத் தனியே வையுங்கள். அதே சக்கையில் இன்னொரு கை தண்ணீர் விட்டுப் பிசைந்தால் இரண்டாம் கரைசல். குழம்பில் காய் வேக இரண்டாவதையும், ருசி கூட்ட முதலாவதையும் ஊற்றுவது என் வழக்கம்.

"எவ்வளவு நேரம் கொதிக்கணும்? ரொம்பக் கொதிச்சா புளிப்பு போயிடுமா?"

போகாது. புளியின் புளிப்புக்கு முக்கியக் காரணம் டார்டாரிக் அமிலம். சமையல் சூட்டில் அது ஆவியாகாது, அழியவும் செய்யாது. கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் வற்றுவதால் புளிப்பு கூடத்தான் செய்யும். நாம் கொதிக்க வைப்பது பச்சை வாசனை போவதற்காக.

குழம்பு என்றால் எண்ணெய் பிரிந்து மேலே மிதக்கும்வரை விடுங்கள், பதினைந்து இருபது நிமிடமாவது ஆகும். ரசத்தில் புளித்தண்ணீர் மட்டும் முதலில் கொதித்து வாசனை போகவேண்டும். பருப்புத்தண்ணீர் ஊற்றிய பிறகு நுரை கட்டியதும் இறக்கிவிட வேண்டும். அதற்குமேல் கொதித்த ரசத்தை என்ன செய்தாலும் மீட்க முடியாது.

"புளி ஊத்தினதுக்கப்புறம் காய் வேகவே மாட்டேங்குது, ஏன்?"

காயின் செல்களை ஒட்டவைத்திருக்கும் பெக்டின் என்ற பொருள் புளிப்பில் எளிதில் கரையாது. அது கரைந்தால்தான் காய் மெதுவாகும். பருப்புக்கும் இதே கதைதான். அதனால் சாம்பாரில் பருப்பும் காயும் முக்கால்வாசி வெந்த பிறகுதான் புளி.

இதே குணம் சில காய்களுக்கு நன்மை. வெண்டைக்காயை வதக்கும்போது ஒரு கரண்டி புளித்தண்ணீர் தெளித்தால் வழவழப்பு அடங்கும், துண்டும் உடையாது. சேனை, கருணை போன்ற நாக்கை அரிக்கும் கிழங்குகளை நம் வீடுகளில் புளித்தண்ணீரில் வேகவைப்பதும் வீண் வழக்கமில்லை, அரிப்பு நன்றாகக் குறைகிறது.

"குழம்புல புளிப்பு தூக்கிடுச்சு, எப்படிச் சரி பண்றது?"

சுண்டைக்காய் அளவு வெல்லம் முதலில். போதவில்லை என்றால் வெந்த பருப்பைக் கடைந்து விடுங்கள், இல்லையென்றால் தேங்காய் அரைத்து ஊற்றி ஒரு கொதி. ஆப்பச்சோடா போடச் சொல்வார்கள், வேண்டாம். புளிப்பு போகும், கூடவே குழம்பின் ருசியும் போய்விடும்.

"தக்காளி போட்டாலே புளிப்பு வருதே, புளி எதுக்கு?"

தக்காளியின் புளிப்பில் பெரும்பங்கு சிட்ரிக் அமிலம். எலுமிச்சையிலும் அதுதான். அந்தப் புளிப்பு நாக்கில் பட்டதும் தெரியும், சீக்கிரம் மறையும். புளி நின்று தெரியும். பழுத்த புளியில் அமிலம் குறையாமலே சர்க்கரையும் ஏறியிருக்கும், புளிப்பும் இனிப்பும் இவ்வளவு சேர்ந்து இருக்கும் பழம் வேறொன்றைச் சொல்வது கடினம். அந்த இனிப்புதான் குழம்புக்கு உடம்பு தருகிறது. தக்காளி அமெரிக்கக் கண்டத்திலிருந்து நமக்கு வந்தது. அதற்கு முன்னும் ரசம் வைத்தார்கள், புளியில்தான்.

பாட்டிலில் வரும் புளி விழுதைப் பற்றியும் கேட்கிறார்கள். அவசரத்துக்கு வைத்துக்கொள்ளலாம். ஆனால் சுண்டக் காய்ச்சியதால் அது ஏற்கெனவே கருத்திருக்கும். ரசத்தில் போட்டால் அந்தக் காய்ச்சிய வாடை தனியாகத் தெரியும்.

"மீன்குழம்புக்கு மட்டும் புளி ஏன் கூடுதலா வேணும்?"

மீன் செத்தபின் அதன் உடலில் உண்டாகும் ஒருவகைக் காரப்பொருள்தான் அந்தக் கவிச்சி வாடை. அமிலம் பட்டால் அது ஆவியாகிக் காற்றில் பரவாமல் அடங்கிவிடுகிறது. அலசும்போது கடைசித் தண்ணீரில் கொஞ்சம் புளி கரைத்துப் பாருங்கள், கையிலும் வாடை நிற்காது. முதல்நாள் வைத்த மீன்குழம்பு மறுநாள் இன்னும் ருசிப்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். புளியும் உப்பும் ஒரு ராத்திரியில் மீனுக்குள் இறங்குகின்றன.

"புளிக்காய்ச்சல் எத்தனை நாள் தாங்கும்?"

ஒழுங்காகச் சுண்டியிருந்தால் வெளியிலேயே பத்து நாள், குளிர்பெட்டியில் மூன்று மாதம் என் வீட்டில் தாங்கியிருக்கிறது. புளிப்பு, உப்பு, ஈரமின்மை, மேலே நல்லெண்ணெய் என்று நான்கு காவல் அதற்கு. ஈரக்கரண்டி போட்டால் இந்தக் காவல் எதுவும் நிற்காது. வெளியூர்ப் பயணத்துக்குக் கட்டுச்சோறாகப் புளிசோறு கட்டியதும் இதனால்தான்.

இங்கே பழைய புளிதான் என்று அடித்துச் சொல்வேன். பெருமாள் கோயில் புளியோதரையின் கருநிறத்துக்கு மிளகும் வறுத்த எள்ளும் வெந்தயமும் பாதிக் காரணம், புளியின் வயது மீதிக் காரணம். வீட்டில் செய்யும்போது எண்ணெயைப் பார்த்துப் பயந்து குறைக்கிறார்கள். கால் கிலோ புளிக்கு நான் கால் லிட்டர் நல்லெண்ணெய் விடுகிறேன். காய்ச்சலைச் சோற்றில் பிசைந்த உடனே சாப்பிடாமல் இரண்டு மணி நேரம் மூடி வையுங்கள்.

"எந்தப் பாத்திரத்துல சமைக்கக் கூடாது?"

அலுமினியத்தில் வேண்டாம், புளிப்பு அதை அரித்துக் குழம்பில் கலக்கும். இரும்புச் சட்டியில் குழம்பு கருத்து ஒரு உலோகச் சுவை ஏறும். ஈயம் பூசாத பித்தளையும் செம்பும் கூடவே கூடாது. மண்சட்டி, கல்சட்டி, எவர்சில்வர் மூன்றும் நல்லவை. மண்சட்டியில் மெதுவாகச் சூடேறி மெதுவாக ஆறுவதால் வத்தக்குழம்பு இறக்கிய பிறகும் கொதித்துக்கொண்டிருக்கும். கடைசி ஐந்து நிமிடம் முன்பே அடுப்பை அணைத்துவிடலாம்.

"அப்புறம் பித்தளை விளக்கை மட்டும் புளி போட்டுத் தேய்க்கிறோமே?"

போன பதிலில் சொன்ன அதே வேலைதான், இங்கே நமக்கு உதவியாக நடக்கிறது. பித்தளையின்மேல் படியும் மங்கலான படலத்தை அமிலம் கரைத்து எடுக்கிறது. புளிச்சக்கையோடு கொஞ்சம் கல் உப்பு சேர்த்துத் தேய்த்து உடனே கழுவித் துடைத்துவிடுங்கள். புளித்தண்ணீரில் ராத்திரி முழுக்க ஊறப்போட்டால் பித்தளையிலுள்ள துத்தநாகம் கரைந்து விளக்கில் செம்புநிறத் திட்டு விழும். முலாம் பூசிய விளக்குக்கும் வார்னிஷ் அடித்த அலங்காரப் பொருளுக்கும் இது ஆகாது. குழம்புக்குக் கரைத்த சக்கையே போதும், நல்ல புளியை இதற்குச் செலவழிக்காதீர்கள்.

"ஒரு வருஷத்துக்கு வாங்கி வச்சா வண்டு வருது. என்ன செய்றது?"

வண்டு பெரும்பாலும் கொட்டையில் இருந்துதான் வரும். முதலில் ஒரு கொட்டைகூட இல்லாமல் பொறுக்குங்கள். நார், ஓட்டுத்துண்டு எல்லாம் போகட்டும். இரண்டு நாள் நல்ல வெயில். அதற்குமேல் காயவைத்தால் கல்லாகிவிடும். சாயங்காலம் சூடு ஆறிய பிறகு, பத்து கிலோவுக்கு அரைக் கிலோ கல் உப்பு என்ற கணக்கில் ஓர் அடுக்கு புளி, ஒரு பிடி உப்பு என்று பானையிலோ பீங்கான் ஜாடியிலோ அழுத்தி அடைக்க வேண்டும். காற்று புகக்கூடாது என்பதற்காகத்தான் அழுத்துவது. தகர டப்பா அரித்துப்போகும்.

ஐப்பசி மழைக்கு முன் ஒரு நாள் எடுத்து வெயில் காட்டினால் அடுத்த புளி வரும்வரை கவலையில்லை. எங்கள் வீட்டில் பானைமேல் வருஷத்தைச் சுண்ணாம்பில் எழுதி வைப்போம். முதல் கேள்வியில் சொன்ன புதுசு, பழசு குழப்பம் இதனால் வராது. நாலு பேர் உள்ள வீட்டுக்கு, வாரம் மூன்று நாள் குழம்பும் தினமும் ரசமும் என்றால், கொட்டை எடுத்த புளி ஒன்பது பத்து கிலோ வாங்கினால் போதும்.

"குடம்புளி, கொடுக்காப்புளி எல்லாம் இதோட வகைதானா?"

பெயரில் மட்டும் உறவு. குடம்புளி கேரளத்திலும் கன்னியாகுமரிப் பக்கமும் மீனுக்குப் போடுவது, பூசணி போல வரிவிட்ட பழத்தைக் கீறிப் புகையில் காயவைத்தது. இலங்கையில் கொறக்கா என்பதும் அந்தக் குடும்பம்தான். கொடுக்காப்புளி அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த மரம், அதன் வெள்ளைச் சதை தின்பதற்கு, குழம்புக்கு அல்ல. தாய்லாந்திலிருந்து பெட்டியில் வரும் இனிப்புப்புளி நம் புளியேதான், இனிப்பு மிகுந்த ரகம்.

யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் 'பழப்புளி இருக்கா' என்று கேட்டபோது முதலில் விழித்தேன். அங்கே எலுமிச்சையைத் தேசிக்காய் என்கிறார்கள், அதன் சாற்றைத் தேசிப்புளி என்கிறார்கள். அதிலிருந்து பிரித்துச் சொல்ல நம் புளிக்குப் பழப்புளி என்று பெயர். ஒடியற்கூழுக்கு அதுதான் வேண்டும் என்றார். எவ்வளவு பொருத்தமான பெயர் என்று பிறகு தோன்றியது.

"இலையும் பூவும் கூடச் சாப்பிடலாமாமே?"

சாப்பிடலாம், சாப்பிடவும் வேண்டும். கொழுந்து தளிர்க்கும்போது பறித்து நிழலில் உலர்த்திப் பொடித்து வைத்துக்கொள்ளலாம். பச்சையாகவே துவரம்பருப்போடு கடைந்தால் அன்றைக்குக் குழம்பு வேண்டாம். எங்கள் எல்லையில் தெலுங்கு பேசும் வீடுகளில் அதற்குச் சிந்த சிகுரு பப்பு என்று பெயர். அந்த வாசனைக்கு நான் அடிமை. பூவை வதக்கித் துவையல் அரைக்கலாம். பிஞ்சை உப்பு, பச்சை மிளகாயோடு இடித்தால் தொக்கு.

பழுத்தும் பழுக்காத செங்காயைப் பிள்ளைகள் விடவே மாட்டார்கள். நன்றாகப் பழுத்த பிறகுதான் சதை சுருங்கி ஓட்டிலிருந்து விலகும். 'புளியம்பழமும் ஓடும் போல' என்று ஒட்டாத வாழ்க்கையைச் சொல்வது அதை வைத்துத்தான். நாங்கள் மரம் உலுக்க நாள் குறிப்பதும் அப்படியே. காயை ஆட்டினால் உள்ளே கலகலவென்று சத்தம் வரவேண்டும்.

"இவ்வளவு கொட்டையை என்ன பண்றீங்க?"

வியாபாரிகள் மூட்டை கணக்கில் எடுத்துப் போகிறார்கள். தோல் நீக்கிய பருப்பை அரைத்த மாவு, நெசவில் நூலுக்கும் சணலுக்கும் கஞ்சி போட உதவுகிறது. அதிலிருந்து எடுக்கும் பிசினை ஜப்பானில் குழம்புச் சாறும் ஐஸ்கிரீமும் கெட்டியாக்கச் சேர்க்கிறார்கள். தஞ்சாவூர் ஓவியத்தில் பலகையின்மேல் துணி ஒட்டப் புளியங்கொட்டைப் பசை பயன்பட்டது. ஆந்திராவின் கொண்டபள்ளி பொம்மைகளின் துண்டுகளைச் சேர்ப்பதும் மரத்தூளோடு குழைத்த இதே பசைதான்.

வீட்டில் நாங்கள் மணலில் வறுத்து, ஊறவைத்துத் தின்போம். ஒரு பக்கம் தரையில் தேய்த்து வெள்ளையாக்கினால் தாயக்கட்டை ரெடி. மழைநாளில் பல்லாங்குழிக்கும் அதுதான்.

"புளி ரத்தத்தைச் சுண்டவைக்கும்னு அம்மா போடவே விடமாட்டாங்க. உண்மையா?"

குழம்பில் சேரும் புளி ரத்தத்தைக் குறைக்காது. களைப்பும் வெளிறலும் இருந்தால் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள், புளியின்மேல் பழி போட்டுவிட்டுச் சும்மா இருந்துவிடாதீர்கள். வைட்டமின் சி கொட்டிக்கிடக்கிறது என்று சொல்வதும் சரியில்லை, 100 கிராமில் ஏறக்குறைய 3.5 மில்லிகிராம்தான். மலத்தை இளக்கும் குணம் உண்மை. நெஞ்செரிச்சல், வயிற்றுப்புண் உள்ளவர்கள் குறைக்க வேண்டியதும் உண்மை. பிள்ளைகள் நாள் முழுக்கச் சப்பினால் பல் கூசும், வாய் கொப்பளிக்கச் சொல்லுங்கள்.

எங்கள் ஊருக்கு நெருக்கமான ஒரு விஷயம் உண்டு. தர்மபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். பல்லில் பழுப்புக் கறையோடு வளர்ந்தவர்கள் இங்கே ஏராளம். ஒகேனக்கல் குடிநீர்த் திட்டம் வந்ததே இதற்காகத்தான். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவன ஆய்வாளர்கள் பள்ளிச் சிறுவர்களுக்குத் தினமும் 10 கிராம் புளி கொடுத்துப் பார்த்தார்கள். சிறுநீர் வழியாக ஃபுளோரைடு வெளியேறுவது கூடியது என்று 2002இல் வெளியிட்டார்கள். சின்ன ஆய்வுதான், நல்ல குடிநீருக்கு இது மாற்று ஆகாது. ஆனாலும் எங்கள் ஊர்ப் பழக்கத்துக்கு இப்படி ஒரு பலன் இருக்கலாம் என்பதில் எனக்குச் சந்தோஷம்.

"புளியமரத்தடியில ராத்திரி படுத்தா பேய் அமுக்கும்கிறாங்களே?"

நாற்பது ராத்திரியாவது பழத்துக்குக் காவலாக அடியில் படுத்திருக்கிறோம், ஒன்றும் அமுக்கவில்லை. ராத்திரியில் மரம் கரியமில வாயு விடுவதால் மூச்சு முட்டும் என்று விளக்கம் சொல்வார்கள். எல்லா மரமும் விடுகிறது, திறந்தவெளியில் அது தேங்கி நிற்கும் அளவு கிடையாது. அடர்ந்த நிழலும், கீழே புல் சரியாக முளைக்காத தரையும், பொழுது சாய்ந்ததும் இலைகள் ஜோடி ஜோடியாக மூடிக்கொள்வதும் அந்தப் பயத்தை வளர்த்திருக்கும்.

ஆழ்வார்திருநகரியில் நம்மாழ்வார் பதினாறு ஆண்டு தவமிருந்ததாகச் சொல்லப்படும் மரம் புளியமரம்தான். அதன் இலை ராத்திரியிலும் மூடாது என்ற நம்பிக்கையால் உறங்காப்புளி என்கிறார்கள்.

"புளி நம்ம ஊர் மரமே இல்லையாமே?"

பிறப்பிடம் ஆப்பிரிக்கா. ஆனால் ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பே இங்கே வந்துவிட்டது. அரபிக்காரர்கள் இதற்கு வைத்த பெயர் 'தமர் ஹிந்தி', இந்தியப் பேரீச்சை என்று பொருள். ஆங்கிலப் பெயரும் அதிலிருந்து வந்ததுதான்.

"தோட்டத்துல ஒரு மரம் வைக்கலாம்னு இருக்கேன். காய்க்க எத்தனை வருஷம்?"

கொட்டை போட்டு வளர்த்தால் எட்டுப் பத்து வருஷம், தாய்மரத்தின் குணம் அப்படியே வரும் என்ற உறுதியும் இல்லை. ஒட்டுக்கன்று நாலைந்து வருஷத்தில் காய்க்கத் தொடங்கும். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி வெளியிட்ட பிகேஎம் 1 ரகம் தமிழ்நாட்டில் பரவலாகக் கிடைக்கிறது. இரண்டு மரம் என்றால் நடுவே பத்து மீட்டர் இடைவெளி விடுங்கள். வீட்டுச் சுவரிலிருந்தும் கிணற்றிலிருந்தும் தள்ளி வையுங்கள். முதல் இரண்டு கோடைக்குத் தண்ணீர் ஊற்றினால் போதும், பிறகு அதுவே பார்த்துக்கொள்ளும்.

ஒரு வருஷம் கொட்டும், அடுத்த வருஷம் குறையும். அதைப் பார்த்து உரம் தேடி ஓடவேண்டாம், அதன் சுபாவம் அது. குறைந்த வருஷத்துக்குத்தான் பழைய புளிப்பானை.